எட்டுக் கிலோ மால்ட் பாகு

அன்றைக்கு எதிர்வீட்டின் பின்பக்கம் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அவர், அவருடைய மனைவி, பெங்களூரிலிருந்து வந்திருந்த, சம்பந்தி ஆகப் போகிற மனிதர், அப்புறம் நான். மதில்மேல் ஒரு பூனையும் இருந்தது. அது சாட்சி சொல்ல வராது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியும். போலீஸ் வந்து, "யார் யாரெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டால் தடுமாறிவிடக் கூடாது என்று அங்கே நின்றபடியே இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டேன். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. பட்டியல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். அவர் எங்களுக்கு எதிர்வீடு. ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, பத்து விரலும் முழுசாக ரிட்டையர் ஆனவர். அந்தப் பிரிவில் அது சின்ன விஷயம் இல்லையாம். புதிதாக யாரைப் பார்த்தாலும் கையை விரித்துக் காட்டுவார். "எண்ணிப் பாத்துக்கங்க. எதுக்கு இருக்குதுன்னா, நான் எதத் தொட்டாலும் மொதல்ல ஆஃப் பண்ணிப்போட்டுத்தான் தொடுவேன்."

இந்த 'மொதல்ல ஆஃப் பண்ணுங்க' அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது வரும். தெருவில் அவருக்குப் பெயரே ஆஃப் அண்ணன். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி ஏதாவது கேட்டால், எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, "இப்பச் சொல்லு அம்மணி" என்பார். அதற்குள் அந்த அக்காவுக்குக் கேட்க வந்தது மறந்திருக்கும். ஸ்கூட்டரில் போகும்போது போன் வந்தால் ஓரம் கட்டுவார், ஸ்டாண்ட் போடுவார், சாவியை எடுத்துப் பையில் போடுவார், பிறகுதான் போனை எடுப்பார். எடுப்பதற்குள் அடித்து நின்றுவிடும். ஒரு தடவை காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸின் படியில் கால் வைத்துக்கொண்டு, இன்ஜினை ஆஃப் பண்ணினால்தான் ஏறுவேன் என்று சொல்லியிருக்கிறார். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, பஸ்ஸுல ஏறப் போறீங்களா, பஸ்ஸ ரிப்பேர் பண்ணப் போறீங்களா?" என்றாராம். அவர் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். அந்த டிரைவரும் அணைக்கவில்லை. வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

ரிட்டையர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தோட்டங்களுக்குப் போய் மோட்டார் பார்த்துக் கொடுப்பார். ஸ்விட்சை மட்டும் அவர் நம்பமாட்டார். மெயின் போர்டிலிருந்து ஃபீஸ் கட்டையையே உருவி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். அன்னூரில் ஒரு கவுண்டர் தோட்டத்தில் அப்படி வேலையை முடித்து, மோர் குடித்து, வீடு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. "ஏனுங்க, வேலையெல்லாம் சுத்தமாப் பண்ணியிருக்கறீங்க. ஃபீஸ் கட்டை மூணையும் காணோமுங்க. ஒருவேள மாடு தின்னுபோட்டுதுங்களா?" அவர் சட்டையைத் தேடிப்போனார். அக்கா அதை ஊறப் போட்டிருந்தார். மூன்று ஃபீஸ் கட்டையையும் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டு அன்னூருக்கே திரும்பப் போனார். அந்தக் கதையை அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா ஷாக் அடிச்சுதுங்களா? இல்லீல்ல?" என்று முடிப்பார்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவர்கள் சபையில் நிறைய வீடுகளில் திராட்சை ஒயின் போடுவார்கள். அவர் வீட்டில் பீர். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை. தெரிந்துகொண்டால் அதையும் போலீஸிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம். பத்து லிட்டர்தான் போடுவார். பேக்கரிக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் மால்ட் பாகு வாங்கிவருவார். முளைவிட்ட பார்லியைக் காய்ச்சி எடுத்தது; வெல்லப் பாகைவிடக் கெட்டியாக, தேனைவிடக் கறுப்பாக இருக்கும். டப்பாவைக் கவிழ்த்தால் விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் கீழே வரும்.

அவர் அதைக் கையாளுகிற விதத்தைப் பார்க்கவே நான் போவேன். டப்பாவை முதலில் வெந்நீரில் நிற்க வைப்பார், பாகு இளகட்டும் என்று. பானையில் தண்ணீர் கொதி வந்ததும் அடுப்பை அணைப்பார். குமிழி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் பாகை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே துழாவுவார். "பாகு தண்ணியவிட கனம் தம்பி. நேரா அடியில போய் உக்காந்துக்கும். கீழ தீ எரிஞ்சா உக்காந்த எடத்துலயே கருகிப்போடும். கருகுனது ஒரு கரண்டின்னாலும் பத்து லிட்டரும் அதே வாசம்தான். அதுக்கு மருந்து இல்லீங்க." ஊற்றி முடித்து, துடுப்பால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே மறுபடி பற்ற வைப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்கு அடிப்பிடித்ததில்லை.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கிற பையனையே பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் சம்மதம். நிச்சயம் எங்கே என்பதில்தான் சிக்கல். பையனின் அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சார், எங்க சைடுல அறுபது பேர் வருவாங்க. அவிநாசி ரோட்டுல நல்ல ஹோட்டலா ஒரு ஹால் போட்டுருங்க. சாப்பாடு, ட்ரிங்க்ஸ் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

ஹோட்டலில் கேட்டதில் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அவரிடம் இரண்டு லட்சம் இருந்தது. அது அக்காவின் முட்டி ஆபரேஷனுக்கு எடுத்து வைத்தது. அக்கா அப்போதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

"என்ற ஊட்டு மாடியிலயே வெச்சுக்கலாமுங்க" என்றார் இவர். "பிரியாணிக்குச் சொல்லிக்கலாம். குடிக்கறதுக்கு நானே பீர் காச்சிப் போடறேன். பெங்களூர்ல காசு குடுத்தாலும் அப்படி கெடைக்காதுங்க."

"நீங்களா? நீங்க பம்பு டெஸ்டிங்தானே?"

"நான் பாத்து அனுப்புன பம்பு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லீங்க. பீரும் அப்படித்தான்."

அந்த மனிதர் சிரித்தார். சிரித்தாலும் ஒரு நிபந்தனை வைத்தார். காய்ச்சுவதைப் பார்க்கணும், தயாரானதும் ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்கணும். பிடித்தால் மாடி, பிடிக்காவிட்டால் ஹோட்டல். பீர் தயாராக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நிச்சயத்துக்குச் சர்ச் சாமியார் தேதி கொடுத்தாயிற்று. ஆக, ஒரே ஒரு தடவைதான் காய்ச்ச முடியும். ஐம்பது லிட்டர்.

பத்து லிட்டருக்கும் ஐம்பது லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத்தான் தெரியும். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டா வந்தது. சமையல்காரர்கள் வைத்திருக்கிற பெரிய பர்னரை நான் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த பர்னரின் தீ நடுவில் ஒரே இடத்தில் குத்தும். அண்டாவின் அடியோ மெல்லிசு. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கருகிப்போனால்? அக்காவின் முட்டி? பர்னர் என்னுடையது, பழி என்மேல்தானே வரும்?

அவரிடம் சொன்னேன். "பயத்த மொதல்ல ஆஃப் பண்ணுங்க தம்பி" என்றார். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். எட்டுக் கிலோ பாகையும் ஒரேயடியாக ஊற்றப்போவதில்லை. பக்கெட்டில் வெந்நீர் வைத்து அதில் முதலில் கரைத்துக்கொள்வது. மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு பங்குக்கும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கி, ஊற்றித் துழாவி, அப்புறம் பற்ற வைப்பது. பக்கெட்டைத் தூக்கி ஊற்ற இரண்டு கையும் வேண்டும் என்பதால் அவர் ஊற்றுவார், நான் துழாவ வேண்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன ஜாக்கிரதை செய்ய முடியும்?

நான் செய்தேன். என் மனைவி பால் காய்ச்சும்போது பாத்திரத்துக்குள்ளே அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் போடுவாள். பால் பொங்காது, அடியும் பிடிக்காது. பாலுக்கு ஆவது பாகுக்கு ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் சிரிப்பார், சொல்லாமலே செய்துவிடலாம் என்று அன்று காலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய், அண்டாவைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி, உள்ளே அடியில் கவிழ்த்துப் போட்டு, நானே தண்ணீரையும் நிரப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

தண்ணீர் கொதி வந்ததும் அண்டாவுக்குள் டக் டக் என்று சத்தம். அவர் காதைச் சாய்த்தார்.

"தம்பி, என்னமோ தட்டுது. ஆஃப் பண்ணிப் பாக்கட்டுங்களா?"

"பர்னர் ஜெட்டுங்ணா. பெருசுன்னா அப்படித்தான் சத்தம் போடும்."

"சரி, அடுப்பு உங்க தொழில்" என்றார்.

முதல் பங்கு. அணைத்தார், நின்றார், ஊற்றினார். நான் துழாவினேன். துடுப்பு தட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"அடியில ஏதாச்சும் ஒட்டுதுங்களா?"

"இல்லீங்ணா. சுத்தமா இருக்குது."

பெங்களூர்க்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன சார், பீர் காச்சறீங்களா, பாம் செய்றீங்களா? இத்தனை தடவை அணைச்சு அணைச்சு..." என்றார். அக்கா அவருக்கு டீ கொடுத்தபடி, "இவரு டீக்குச் சக்கரை போடறதுக்கே அடுப்ப அணைப்பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இரண்டாவது பங்குக்கும் கேட்டார், சுத்தம் என்றேன். மூன்றாவதுக்கும் கேட்டார், சுத்தம் என்றேன். மூன்றாவது ஊற்றிப் பற்ற வைத்த கொஞ்ச நேரத்தில் அந்த டக் டக் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. தட்டுக்கு அடியில் புகுந்த பாகு வெளியே வர வழியில்லாமல், துடுப்பும் எட்டாமல், கருகி, தட்டையே அண்டாவோடு ஒட்டிவிட்டதால்தான் சத்தம் நின்றது என்று அடுப்புக்காரனான எனக்குத் தோன்றவில்லை. வாசம் வந்தபோதுதான் தோன்றியது. அவர் மூக்கைச் சுளித்தார். அடுப்பை அணைத்தார். பெங்களூர்க்காரர் அதற்குள் காருக்குப் போய்விட்டிருந்தார்.

ஆறாமல் எதையும் தொடமாட்டார் அல்லவா, மறுநாள் காலைதான் அண்டாவைக் காலி செய்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்தபோது மனைவி ஒரு தட்டை நீட்டினாள்.

"எதுத்த ஊட்டு அண்ணன் கொண்டாந்து குடுத்தாருங்க. நம்ம தட்டு. உள்ள அதிரசம் வெச்சுக் குடுத்திருக்காரு. நம்ம தட்டு எப்படீங்க அங்க போச்சு?"

தட்டின் விளிம்பில் அவள் பெயரும் எங்கள் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தன. கடையில் வாங்கும்போதே நான்தான் நின்று வெட்டச் சொன்னேன், யாராவது மாற்றி எடுத்துப் போய்விடுவார்களோ என்று. அடிப்பக்கம் தேய்த்துத் தேய்த்துப் புதுசு மாதிரி இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அதில் ஆறு அதிரசம். நான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அவர் என்னைப் பார்க்கிறார், "சாப்பிட்டாச்சுங்களா தம்பி?" என்கிறார், போகிறார். திட்டினால் திட்டு வாங்கிக்கொண்டு போகலாம். இவர் திட்டவில்லை. அந்த ஐம்பது லிட்டரை அவர் கொட்டவும் இல்லை. ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்து, பாட்டிலிலும் அடைத்தார். ஒருவேளை அந்தக் கருகல் நாளாக நாளாக அடங்கலாம் என்று அக்காவிடம் சொன்னாராம். நான் மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன், அந்தோணியாருக்கும் வேண்டிக்கொண்டேன்.

பெங்களூர்க்காரர் வந்தார். முதல் பாட்டிலைத் திறந்து மூன்று கிளாஸில் ஊற்றினார் ஆஃப் அண்ணன். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால், பால் அடிப்பிடித்த சட்டியைக் கழுவின தண்ணீரில் சாம்பலைப் போட்ட மாதிரி. எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால் "நல்லாருக்குதுங்க" என்று முழுசையும் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்திருப்பார். இவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது கருகிப்போச்சே."

இப்போது அண்ணன் சொல்லப்போகிறார். தட்டு, பெயர், கல்யாணத் தேதி, எல்லாம்.

"ஆமாங்க" என்றார் அவர். "மூணாவது பங்கு ஊத்தறப்ப அடுப்ப ஆஃப் பண்ண மறந்துபோட்டேன்."

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களா? தெருவே ஆஃப் அண்ணன்னு கூப்பிடுது. நீங்க ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க சார். ஹோட்டலே போட்டுருவோம்."

அன்று நாற்காலியில் இருந்து பார்த்தவர் அல்லவா பெங்களூர்க்காரர். மூன்றாவது தடவையும் அணைத்தது நினைவு வந்திருக்கலாமே. வரவில்லை. அணைத்தபோதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு நினைவிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நிச்சயம் ஹோட்டலில் நடந்தது. ஏசி நன்றாக இருந்தது. அக்கா அந்த வருஷமும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கதை தெரு முழுக்கப் பரவியது. அதன் பிறகு அவர் யாரிடமாவது "மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்றால், "நீங்க பண்ணுனீங்களாண்ணா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் என்னால் முடியாமல் போய் நின்றேன். டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, தட்டு வெச்சது நானுங்க."

"தெரியுமுங்க. பேரு போட்டிருந்துதே."

"அப்பறம் ஏனுங்ணா அப்படிச் சொன்னீங்க?"

"எதுத்த ஊட்டுக்காரன் அண்டாவுக்குள்ள தட்டு வெச்சான்னு சொன்னா, அந்தாளு என்ன நெனப்பாரு? கல்யாணத்தக் கெடுக்க வெச்சதுன்னு நெனப்பாரு. ஒவ்வொருத்தரா வெசாரிப்பாரு. நான் மறந்துட்டேன்னா சிரிச்சுப்போட்டுப் போயிருவாரு. சிரிச்சாருல்ல?"

"மன்னிச்சுருங்ணா."

"மன்னிச்சா நீங்க தூங்கமாட்டீங்க தம்பி. 'நெசமாலுமே மன்னிச்சாரா'ன்னு அதுக்கு வேற பயப்படுவீங்க. காசு குடுத்துருங்க. பாகு எட்டுக் கிலோ, மத்த சாமான், கேஸ், அண்டா வாடகை, எல்லாஞ் சேத்து ஐயாயிரத்தி நானூறு ஆச்சு. மாசம் முந்நூறு குடுங்க."

"ஹோட்டல் செலவுங்ணா?"

"அது நாஞ் சொன்ன பொய்க்கு ஆன செலவு. உங்க பொய்க்குப் பாகுக் காசு போதும்."

உள்ளேயிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்தார். மாசம் தவறாமல் ஒன்றாம் தேதி முந்நூறு கொடுத்தேன். அவர் எண்ணி வாங்கிக்கொள்வார், "சரியா இருக்குதுங்க" என்பார். அவர் சொன்னது உண்மைதான். அந்தப் பதினாறு மாதமும் ஒன்றாம் தேதி அன்று மட்டும் நான் நன்றாகத் தூங்கினேன். அக்காவுக்கு ஆபரேஷன் கடைசியில் பெங்களூரில்தான் என்று முடிவாயிற்று; மகள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பதினேழாவது மாதம் வீட்டைக் காலி செய்து, சாமானை வண்டியில் ஏற்றினார்கள். மிச்சமிருந்ததை மொத்தமாகக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். டிரைவரிடம் இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

"இதப் பெங்களூர் வந்து குடுங்க" என்றார்.

"போன்லயே அனுப்பட்டுங்களாண்ணா?"

"போன்ல வாங்கமாட்டேன். கையில குடுக்கோணும். அக்கா நடக்கறதப் பாத்துப்போட்டு வரலாமுல்ல?"

பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் போனால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று பயம். ரயிலில் போனால் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயம். நாலு வருஷம் ஆகிறது. அக்கா இப்போது நன்றாக நடக்கிறாராம். நான் இன்னும் போகவில்லை. அறுநூறு ரூபாய் பாக்கி.